உஷார்! ‘உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று யாராவது வருகிறார்களா?

பதவி உயர்வு வந்திருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் போடுங்கள். வீட்டில் பாயசம் வையுங்கள். அப்படியே இதையும் ஒரு தடவை படித்துவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்காருங்கள்.

ஏனென்றால், முதல் வாரத்திலேயே ஒருவர் உங்கள் மேஜைக்கு வரப்போகிறார்.

கையில் டீ இருக்கும். முகம் நிறைய அக்கறை இருக்கும். சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்ப்பார். குரலைத் தாழ்த்துவார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்...” என்று ஆரம்பிப்பார்.

உஷார்! உஷார்!

அவர் உங்களுக்கு விரோதி இல்லை. நிஜமாகவே உங்கள் மேல் பிரியம் உள்ளவராகக்கூட இருக்கலாம். ஆனால் அடுத்து அவர் சொல்லப்போவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டீர்கள் என்றால், அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் ஒரு கோஷ்டியின் தலைவர். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியாது. ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

“எங்க ஆபீஸ்ல பாலிடிக்ஸே கிடையாதுங்க” என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில் ரெண்டு பேருக்குத்தான் நல்ல இன்க்ரிமென்ட் என்றால், மீதி எட்டுப் பேர் மனசிலும் கணக்கு ஓடத்தான் செய்யும். மனுஷர்கள்தானே. அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆபத்து அதுவல்ல. எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டியவர் அந்தக் கணக்குக்குள் தானும் போய் விழுவதுதான் ஆபத்து. நல்லவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். ‘நாம யாருக்கும் கெடுதல் நினைக்கலையே’ என்ற தைரியத்தில் அவர்கள் கதவைத் தாழ் போடுவதே இல்லை.

கோவைப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு பம்ப்செட் கம்பெனி. பெயர் வேண்டாம். கொள்முதல் பிரிவில் பல வருஷமாக வேலை பார்த்த பெண் ஒருவர். சப்ளையரிடம் ஒரு ரூபாய்க்கு மல்லுக்கட்டுவார். ஆனால் அதே சப்ளையர் வாங்கிக் கொடுக்கிற காபியைத் தொடமாட்டார். அவ்வளவு சுத்தம். அதனால்தான் அவரையே அந்தப் பிரிவுக்கு மேனேஜர் ஆக்கினார்கள். அதுவரை ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த நாற்காலி.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவர் சாயந்திரமானால் அவர் அறைக்கு வருவார். அப்பா வயசு. “அம்மிணி, நீங்க சூதுவாது தெரியாத புள்ளை. அந்தக் குவாலிட்டிப் பையன் வெளிய உங்களைப் பத்தி என்ன பேசீட்டுத் திரியறான்னு தெரியுமுங்களா?” என்றார் ஒரு நாள்.

“என்னங்கய்யா சொன்னாரு?” என்று கேட்டார் இந்தப் பெண்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விதான் அவர் செய்த தப்பு.

பெரியவர் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். குவாலிட்டி ஆள் டீக்கடையில் ஏதோ சொன்னது நிஜம்தான். “மேடம் புதுசு, ஃபவுண்டரி சமாச்சாரம் இன்னும் பிடிபடலை” என்றிருக்கிறார். அதை ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வதற்கும், இன்னொருவர் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! பால் முழுக்க உறைய ஒரு சொட்டு மோர் போதும்.

அந்தப் பெண் யாரையும் பழிவாங்கவில்லை. அப்படிச் செய்கிற சுபாவமும் அவருக்கு இல்லை. ஆனால் அந்தப் பையன் போன் செய்தால் ‘அப்புறம் பேசலாம்’ என்று தோன்றியது. மீட்டிங்கில் அவன் வாயைத் திறந்தால் எரிச்சல் வந்தது. அவன் கேட்ட லீவு ரெண்டு நாள் மேஜையிலேயே கிடந்தது. இதெல்லாம் அவருக்கே தெரியாமல் நடந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்தது. சாயந்திர டீக்கு யார் உள்ளே போகிறார்கள், யார் போவதில்லை என்று மொத்தப் பிரிவும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இன்னும் ரெண்டு பேர் ஆளுக்கொரு செய்தியோடு வர ஆரம்பித்தார்கள். சொல்வதற்கு வம்பு இல்லாதவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பங்குனி, சித்திரை என்றால் பம்ப் வியாபாரத்தில் சீசன். ஒரு லோடு வார்ப்பு வந்தது. பம்ப்பின் வெளிக்கூட்டில் ப்ளோ ஹோல், அதாவது வார்ப்புக்குள் காற்று நின்று விழுந்த ஓட்டை. குவாலிட்டி ஆள் ரிஜிஸ்டரில் ‘நிராகரிக்கலாம்’ என்று எழுதினார். எழுதினாரே தவிர, முன்பு போல நேரில் வந்து மேடத்திடம் சொல்லவில்லை. அந்த ரிஜிஸ்டர் மேடத்தின் மேஜைக்கு வரவும் இல்லை. பெரியவர்தான் டீவியேஷன் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார். குறையோடு இருக்கிற சரக்கை ‘பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும் தாள் அது. “சீசன் நேரமுங்க அம்மிணி, லைன் நின்னுரும். சின்னப் பிசிறு. அந்தப் பையன் வேணும்னே பண்றானுங்க” என்றார்.

மேடம் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதத்தில் டீலர்களிடமிருந்து பம்ப்புகள் திரும்பி வர ஆரம்பித்தன. தண்ணீர் கசிகிறது என்று புகார் மேல் புகார். மேலிடம் விசாரித்தது. குவாலிட்டி ஆள் ரிஜிஸ்டரைக் காட்டினார். “ஏன் நேர்ல சொல்லலை?” என்றதற்கு, “சொன்னா கேக்கற நிலைமையில அவங்க இல்லீங்க சார்” என்றார். பெரியவரைக் கேட்டார்கள். “எனக்கென்னங்க தெரியும்? அம்மிணி கையெழுத்துங்க அது.”

அம்மிணி கையெழுத்துதான். பொய்யில்லையே!

கமிஷன் வாங்கியிருப்பார் என்று பேச்சு கிளம்பியது. ஒரு காபிகூட வாங்கிக் குடிக்காதவரைப் பற்றி. அந்தப் பேச்சு அவர் வீட்டு வாசல்வரை போனது. வேலை எதுவும் இல்லாத ஒரு மேஜைக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அவரே ராஜினாமா கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அவர் கேட்கிற கேள்வி, “நான் என்ன அரசியல் பண்ணினேன்?” என்பதுதான்.

ஒன்றும் பண்ணவில்லை தாயே. கேட்டுக்கொண்டிருந்தாய்.

இந்தக் கதையில் வம்பு பேசியவரைத் திட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். திட்ட வேண்டியது வேறொன்றை. கெட்ட செய்தி மேலே வருகிற வழி அடைபட்டுப் போனது. அதுதான் ஆளைக் கொன்றது. ஆபீஸ் அரசியலின் நிஜமான விலை மனஸ்தாபமோ கண்ணீரோ இல்லை. நடப்பது என்ன என்று தலைவருக்குத் தெரியாமல் போய்விடுவது.

பெரிய கம்பெனிகளே இதில் மாட்டியிருக்கின்றன. நோக்கியாவை நினைவிருக்கிறதா? நம்மில் பாதிப் பேரின் முதல் செல்போன். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் நிறுத்திய தொழிற்சாலை அவர்களுடையதுதான். அதை மூடியதற்கு வரி வழக்கு, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறிய விற்பனை என்று வேறு காரணங்கள் உண்டு. அதை இதோடு குழப்ப வேண்டாம். நான் சொல்ல வருவது அதன் தலைமையகத்தில் நடந்ததை. டிமோ வூரி, க்வி ஹுய் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நோக்கியாவில் இருந்தவர்களைப் பேட்டி கண்டு 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மேலே இருந்தவர்களுக்குப் போட்டிக் கம்பெனிகளை நினைத்துப் பயம். நடுவில் இருந்த மேனேஜர்களுக்கோ மேலே இருந்தவர்களை நினைத்துப் பயம். அதனால் ‘நம் சாஃப்ட்வேர் ஐஃபோனுக்கு ஈடுகொடுக்காது, நேரம் பிடிக்கும்’ என்ற உண்மை மேலே போய்ச் சேரவே இல்லை. நல்ல செய்தியாகவே போனது. அறிவாளிகளுக்கா அங்கே பஞ்சம்? உண்மையைச் சொன்னால் தலை தப்பாது என்று அத்தனை அறிவாளிகளும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இன்னொன்று கேளுங்கள். அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியை 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கெடுத்தால் நேர்மாறு! நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே அதிகம் தப்பு நடந்தது என்று அர்த்தமில்லை. அங்கே நர்ஸுகள் தப்பை மறைக்கவில்லை. மற்ற வார்டுகளில் பயந்து மறைத்தார்கள், அதனால் கணக்கு அழகாக இருந்தது.

உங்கள் பிரிவில் ‘ஒரு பிரச்னையும் இல்லை மேடம்’ என்று தினமும் சொல்கிறார்களா? சந்தோஷப்படாதீர்கள். பயப்படுங்கள்.

சரி, உங்கள் ஆபீஸில் இது ஆரம்பித்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

“எல்லாரும் பேசிக்கிறாங்க” என்று செய்தி வருகிறதா? உஷார்! அந்த ‘எல்லாரும்’ யார் யார் என்று பெயர் கேட்டுப் பாருங்கள். விரல் மடக்கினால் ஒன்றில் நிற்கும். பெரும்பாலும் சொல்பவரே அந்த ஒன்று.

மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, மீட்டிங் முடிந்ததும் டீக்கடையில் நிஜ மீட்டிங் நடக்கிறதா? உஷார். ஒருவரை மட்டும் சேர்க்காமல் இன்னொரு வாட்ஸ்அப் குரூப் முளைத்திருக்கிறதா? அதில் நீங்களும் இருக்கிறீர்களா? உடனே வெளியே வாருங்கள். ‘நான் படிக்கிறதே இல்லை, சும்மா இருக்கேன்’ என்பதெல்லாம் எடுபடாது. அந்த குரூப்பின் ஸ்க்ரீன்ஷாட் என்றாவது ஒரு நாள் வெளியே வரும். அதில் உங்கள் பெயரும் இருக்கும்.

நேரில் சொல்லித் தீர்க்கக்கூடிய அல்ப விஷயத்துக்குப் பெரிய பாஸை சிசி-யில் போட்டு மெயில் வருகிறதா? அது தகவல் இல்லை, தாக்கு.

உங்கள் அறைக்கு வருவதற்கு முன்னால், வெளியே உட்கார்ந்திருக்கும் ஆபீஸ் அசிஸ்டென்டிடம், “மேடம் இன்னிக்கு எப்படி இருக்காங்க?” என்று கேட்டுவிட்டு வருகிறார்களா? இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மூடைப் பார்த்து உண்மையை அளந்து ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

உங்கள் சுமாரான ஜோக்குக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களா? ...சொல்லவே வேண்டாம்.

இப்போது சொல்லப்போவதுதான் நம் ஊருக்கே உரிய விஷப்பாம்பு. “நீங்க எந்த ஊரு?” என்று ஆரம்பிக்கும். ஊரைச் சொன்னால் “அங்கே எந்தப் பக்கம்?” என்று நீளும். தெருவைக் கேட்பார்கள். குலசாமியைக் கேட்பார்கள். அப்பா என்ன செய்தார், கல்யாணத்துக்கு எந்த மண்டபம், வீட்டில் கறி சாப்பிடுவீர்களா என்று சுற்றி வளைத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் எதற்கு என்று நமக்குத் தெரியாதா என்ன! சாதியை நேரடியாகக் கேட்க வெட்கம், தெரிந்துகொள்ள மட்டும் வெட்கமில்லை. தெரிந்துகொண்ட மறுநாள் “மேடம் நம்ம ஆளுதான்” என்று ஒரு கூட்டம் உங்களை உரிமை கொண்டாடும். நீங்கள் எதுவுமே செய்திருக்க மாட்டீர்கள். ஆனால் அடுத்த அப்ரைசலில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு நல்ல ரேட்டிங் கொடுத்தீர்களோ, போச்சு. அவர் எவ்வளவு உழைத்திருந்தாலும் சரி, அது உழைப்புக்குக் கிடைத்தது என்று ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அந்த உழைப்பாளிக்கும் அது அவமானம். “எந்த ஊரு?” என்று ஆரம்பிக்கும்போதே பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள். முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்று தயங்காதீர்கள். இருக்கட்டும்.

அப்ரைசல் என்றதும் நினைவுக்கு வருகிறது. சில கம்பெனிகளில் பெல் கர்வ் என்று ஒரு பழக்கம். டீமே தங்கமாக உழைத்திருந்தாலும் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று பிரித்தே ஆக வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவர் கீழே போனால்தான் நான் மேலே போக முடியும் என்று ஆக்கிவிட்டால், யார் யாருக்கு வேலை கற்றுக்கொடுப்பார்கள்? மைக்ரோசாஃப்ட்டே பல வருஷம் இதைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு 2013 நவம்பரில் தூக்கிப்போட்டது. உங்கள் கம்பெனியில் இன்னும் இருக்கிறதா? விதியை மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். யாரை ஏன் எங்கே வைத்தீர்கள் என்று அந்தந்த ஆளிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியும், இல்லையா? “எச்.ஆர்.தான் குறைச்சுட்டாங்க, நான் என்ன பண்றது” என்று மட்டும் நழுவாதீர்கள். எச்.ஆர். ஆள் கேன்டீனில் வாயைத் திறந்தால் உங்கள் வண்டவாளம் அன்றைக்கே தண்டவாளம் ஏறிவிடும்.

கட்சி அரசியலும் உள்ளே வரும். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். அரசு ஊழியர்களுக்குக் கட்சி சார்ந்து இயங்கக் கூடாது என்று நடத்தை விதியே இருக்கிறது. தனியாரில் அப்படி இல்லை என்பதால் மேனேஜரே மீம் ஃபார்வர்ட் செய்கிறார். செய்யாதீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் உங்களை எதிர்த்து வாதாட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஸ்மைலி போடுவார். அதற்காக ‘இனி யாரும் அரசியலே பேசக் கூடாது’ என்று திடீர்ச் சட்டம் போடுவதும் தீர்வில்லை. அமெரிக்காவில் பேஸ்கேம்ப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2021 ஏப்ரலில் அப்படித்தான் அறிவித்தது. சில நாளில் ஊழியர்களில் சுமார் மூன்றில் ஒருவர் வெளியேறிவிட்டார்கள். உள்ளுக்குள் ஏற்கெனவே ஒரு புகைச்சல் இருந்தது. அதைப் பேசித் தீர்க்காமல் வாய்க்குப் பூட்டுப் போட்டது போலானது.

இந்த இடத்தில் சிலர் துள்ளிக் குதித்துக்கொண்டு வருவார்கள். “எனக்கு இந்த அரசியலெல்லாம் வராது. நான் நானா இருக்கேன். மனசுல பட்டதை அப்படியே சொல்லிடுவேன்!”

கண்ணுகளா, இங்கேதான் இன்னும் பெரிய உஷார்.

மெட்ரானிக் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தை நடத்திய பில் ஜார்ஜ் 2003-இல் உண்மைத்தன்மையுள்ள தலைமை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதற்குப் பிறகு எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் ‘நீங்கள் நீங்களாக இருங்கள்’ என்ற பாட்டுத்தான். நல்ல பாட்டு. பாதி கேட்டுவிட்டு ஆடுவதில்தான் கால் சுளுக்குகிறது.

ஹெர்மினியா இபாரா என்ற பேராசிரியை 2015-இல் எழுதிய கட்டுரையில் ஒரு பெண் அதிகாரியைப் பற்றிச் சொல்கிறார். மருத்துவத் துறை. பெரிய பதவி உயர்வு. அவருக்குக் கீழே இருந்த ஆட்களின் எண்ணிக்கை ஒரேயடியாகப் பத்து மடங்கு கூடிவிட்டது. ஒளிவுமறைவு கூடாது என்று நினைத்து, எல்லோரையும் கூட்டி வைத்து, இந்த வேலை எனக்குப் பயமாக இருக்கிறது, உங்கள் உதவி வேண்டும் என்று மனசைத் திறந்து கொட்டினார். என்ன ஆயிற்று? இவரை நம்பி எப்படி இருப்பது என்று ஆட்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையைத்தான் சொன்னார். சொன்ன இடம் தப்பு.

பயம் இருந்தால் வீட்டில் சொல்லுங்கள். தோழியிடம் சொல்லுங்கள். முன்பு அந்த நாற்காலியில் இருந்தவரிடம் போய்க் கேளுங்கள். உங்களை நம்பி நிற்கிறவர்களிடம், “இது எனக்குத் தெரியாது, விசாரிச்சுட்டு வியாழக்கிழமை சொல்றேன்” என்று சொல்லுங்கள். வியாழக்கிழமை சொல்லுங்கள். அது போதும்.

‘மனசுல பட்டதைச் சொல்லிடுவேன்’ வகையறாவில் இன்னொரு ஜாதி உண்டு. பத்துப் பேர் முன்னால் ஒரு பையனைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு, “நான் ஓப்பன் டைப்பு, மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டேன்” என்பார்கள். நீங்கள் வைத்துக்கொள்ளவில்லை ஐயா, அந்தப் பையன் வைத்துக்கொள்வான். வாய்த்துடுக்குக்கு நேர்மை என்று பெயர் வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், தலைமையில் இருப்பவரின் நேர்மைக்கு ஒரே ஒரு பரீட்சைதான். இந்த அறைக்குள் சொன்னதை அடுத்த அறையிலும் அப்படியே சொல்ல முடிகிறதா? ராமசாமியைப் பற்றி குப்புசாமியிடம் சொன்னதை ராமசாமி காதுபடச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் நீங்கள் தப்பித்தீர்கள். உங்களிடம் போட்டுக்கொடுக்க வருகிறவனுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

வள்ளுவருக்கு இது தெரிந்திருந்தது, பாருங்கள். ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’ என்று எழுபதாவது அதிகாரம். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் ஒருத்தர் காதில் ஒருத்தர் கிசுகிசுப்பதையும், சேர்ந்துகொண்டு சிரிப்பதையும் விட்டுவிடச் சொல்கிறார் அங்கே. அரண்மனைக்குச் சொன்னது. கான்ஃபரன்ஸ் ரூமுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

சரி, டீ டம்ளரோடு அவர் வந்து நிற்கிறாரே, என்ன செய்வது?

திட்டி அனுப்பாதீர்கள். அடுத்த தடவை நிஜமான ஆபத்து ஒன்றைச் சொல்ல வருகிறவரும் பயந்துவிடுவார். “நல்லவேளை சொன்னீங்க. அவரையும் கூப்பிடறேன், மூணு பேரும் உட்கார்ந்து பேசிடலாம்” என்று போனை எடுங்கள். விஷயம் வேலை சம்பந்தப்பட்டதாக இருந்தால் அவர் உட்காருவார். வம்பாக இருந்தால், “ஐயோ வேணாம் மேடம், சும்மா உங்க காதுல போட்டு வைக்கலாம்னுதான்...” என்று டீயை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அடுத்த வாரம் வரமாட்டார்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. மேலதிகாரி தொல்லை கொடுக்கிறார் என்றோ, பணம் கையாடல் நடக்கிறது என்றோ ஒருவர் பயந்து பயந்து சொன்னால், எதிராளியைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். அது அவரைக் காட்டிக்கொடுப்பது. எழுதி வாங்கி, அதற்கென்று இருக்கிற கமிட்டிக்கோ அதிகாரிக்கோ அனுப்புங்கள்.

டீ குடிப்பதாக இருந்தால் ஒருவரோடு மட்டும் தினமும் குடிக்காதீர்கள். அல்ப விஷயமாகத் தெரியும். கோவைப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், அல்பமா என்று.

யாரைப் பற்றியாவது காதில் ஏதாவது விழுந்த பிறகு அந்த ஆள் சம்பந்தப்பட்ட தாளில் கையெழுத்துப் போட நேர்ந்தால், பேனாவை மூடுங்கள். அந்த ஆளை நேரில் கூப்பிட்டு, “நீங்க என்ன நினைக்கறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். லைன் நிற்கும் என்று அவசரப்படுத்துவார்கள். நிற்கட்டும், பரவாயில்லை.

இனி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு. உங்களைக் கட்டம் கட்டிவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டதா?

பெண்ணாக இருந்தால், முதலில் வேலையைக் குறை சொல்வார்கள். அது எடுபடாவிட்டால் ஒழுக்கத்தைத் தொடுவார்கள். ‘ராத்திரி வரைக்கும் ஆபீஸ்ல என்ன வேலை?’ என்று ஆரம்பிக்கும். அழுதுவிட்டு அடங்கிப் போகாதீர்கள். பாலியல் தொனியில் பேசுவதே 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி பணியிடப் பாலியல் துன்புறுத்தல்தான். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் உள்ளகக் கமிட்டி இருந்தே ஆக வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் கமிட்டி உண்டு. கெடு மூன்று மாதம்! சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று நாளைக் கடத்தினால் கெடு போய்விடும்.

இன்னொரு விஷயம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 41-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்காமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறதா? அதே சட்டம் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று 4-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, சாதாரண ஊழியராக இருந்தபோது உங்களுக்கு இருந்த பாதுகாப்பு, மேனேஜர் ஆன அன்றைக்கே கழன்றுவிடலாம். பாயசம் வைத்துக் கொண்டாடினோமே, அன்றைக்குத்தான்! பெயருக்குத்தான் மேனேஜர், அதிகாரம் ஒன்றும் கையில் இல்லை என்றால் நிலைமை வேறு. அதை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ராஜினாமா கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு போனால், “நீங்களாத்தானே எழுதிக் கொடுத்தீங்க?” என்பார்கள்.

கோபத்தில் இன்னொரு காரியம் செய்வார்கள் பாருங்கள், ஆதாரம் சேர்க்கிறேன் என்று ஆபீஸ் மெயில், ரேட் லிஸ்ட், கஸ்டமர் விவரம் எல்லாவற்றையும் ராவோடு ராவாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். வேண்டாம்! அதுவரைக்கும் உங்கள் மேல் எந்தத் தப்பும் இருந்திருக்காது. அந்த ஒரு ஃபார்வர்டில் கம்பெனி ரகசியத்தைக் கடத்தினார் என்று உங்களை நீக்க அவர்களுக்கு நல்ல காரணமாகக் கிடைத்துவிடும். உங்களுக்கு வந்த பணி ஆணை, சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம் இவற்றின் நகல் போதும். மீதிக்கு ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி போட்டு, யார் என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். அந்த நோட்டை ஆபீஸ் டிராயரில் வைக்காதீர்கள்.